கேட்டில் எத்தனை வண்டி நிற்குது?

ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரியில் யாருக்குப் போன் வந்தாலும் பாதி நேரம் அது மாம்பழ விஷயமாகத்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய சீசனில் எனக்கும் தினமும் காலை பதினோரு மணி வாக்கில் ஒரு போன் வரும். எடுத்தால் ஒரே வரி: "சார், மறுபடியும் சுத்துது."

சுத்துவது திரையில் இருக்கும் வட்டம். போன் செய்தவர் காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடை அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். என்னைவிட இருபது வயது பெரியவர் என்றாலும் நான் எத்தனையோ முறை சொல்லியும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

பழையபேட்டையில் நானும் ஒரு தம்பியும் சேர்ந்து சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறோம். கேமரா மாட்டுவது, நெட்வொர்க் இழுப்பது, சர்வர் பார்த்துக்கொள்வது என எல்லா வேலையும் உண்டு. அந்த ஆலையின் சர்வர் எங்கள் பொறுப்பு. மென்பொருளை எழுதியது பெங்களூரில் ஒரு நிறுவனம். ஜாவாவில் எழுதியது, ஜாவா வலைப் பயன்பாடுகளை ஓட்டும் டாம்கேட் 9-இல் ஓடுகிறது, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இரண்டும் ஒரே பெட்டிக்குள், 8 ஜிபி ரேம்.

வேலை என்னவோ எளிதுதான். வண்டி வந்ததும் கேட்டில் டோக்கன். எடைமேடையில் ஏறினால் மொத்த எடை. பழத்தை இறக்கிவிட்டுத் திரும்ப வந்தால் காலி எடை. இரண்டையும் கழித்து நிகர எடை போட்டுச் சீட்டு வரும். விவசாயிக்குப் பணம் அந்தச் சீட்டை வைத்துத்தான். திரை சுற்றிக்கொண்டிருந்தால் மேடையில் ஏறிய வண்டி இறங்க முடியாது. அதன் பின்னால் போச்சம்பள்ளியிலிருந்து வந்தது, பர்கூரிலிருந்து வந்தது, எல்லாம் வரிசையாக ரோடு வரைக்கும் நிற்கும். பெங்களூரா மாங்காய்க்குத் தோல் கொஞ்சம் தடிமன்தான். அதற்காக ஜூன் வெயிலில் மூன்று மணி நேரம் மூட்டமாக நின்றால் அடியில் இருப்பது தாங்குமா?

அப்போது எங்களிடம் இருந்த ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து டாம்கேட்டை நிறுத்தி மறுபடி கிளப்பினால் ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடியும் அதே போன். இப்படியே இரண்டு வாரம் ஓட்டினோம் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் கூடவே தடயத்தையும் அழித்துவிடுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

முதலில் நான் சந்தேகப்பட்டது நினைவகத்தை. ஜாவா என்றாலே நினைவகம்தான் என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஓடும் ஜாவாவின் உள்நிலையை வரைந்து காட்டும் விஷுவல்விஎம் என்ற கருவியை மடிக்கணினியில் போட்டு ஆலை சர்வரோடு இணைக்கப் பார்த்தேன். ஜாவாவுக்குள் நடப்பதை வெளியே காட்ட ஜேஎம்எக்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. 2004-இல் வந்த ஜாவா 5 முதல் அது ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு ஒரு போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் வாசல் எண்) கொடுத்தேன், ஃபயர்வாலில் திறந்தேன், ஆனாலும் இணையவில்லை. அரை நாள் போனது. கடைசியில்தான் தெரிந்தது, ஜேஎம்எக்ஸ் இரண்டு போர்ட் கேட்கும். முதலாவதை நாம் சொல்கிறோம். இரண்டாவதை, அதாவது ஆர்எம்ஐ போர்ட்டை, நாம் சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதுவே இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது. கொடுத்ததும் இணைந்தது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அவசரத்தில் கடவுச்சொல் வைக்காமல் அந்த போர்ட்டைத் திறந்து வைத்திருந்தேன். "உள் நெட்வொர்க்தானே" என்று நினைப்பு. ஜேஎம்எக்ஸ் வெறும் பார்க்கிற ஜன்னல் கிடையாது, ஆள் உள்ளே வரக்கூடிய கதவு. பூட்டில்லாமல் கிடந்தால் வெளியாள் தன் நிரலையே உங்கள் ஜாவாவுக்குள் இறக்கி ஓட்டிவிட முடியும். இரண்டு நாள் கழித்துத் தம்பிதான் கவனித்து, "அண்ணா, இது என்ன இப்படித் திறந்து கெடக்கு" என்றான். உடனே மூடினேன். இப்போது அந்த போர்ட் சர்வருக்குள் மட்டும் கேட்கும்படி வைத்து, எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற பூட்டிய பாதை வழியாகத்தான் போகிறேன்.

சரி, இணைந்துவிட்டது. என்ன தெரிந்தது? ஹீப் நினைவகத்தின் (ஓடும் நிரல் தன் தரவை வைக்கும் இடம்) கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 1.8 ஜிபி வரைக்கும் ஏறும், சடாரென்று விழும். யாரும் ஹீப்புக்கு அளவு சொல்லியிருக்கவில்லை. சொல்லாவிட்டால் ஜாவா மொத்த ரேமில் நாலில் ஒரு பங்கை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளும், அதாவது 2 ஜிபி. அந்த ரம்பத்தைப் பார்த்து பயந்துபோய், "இதுதான் காரணம், நினைவகம் பத்தவில்லை" என்று முடிவு கட்டி, வரம்பை 6 ஜிபி ஆக்கிவிட்டேன்.

அன்று நடந்தது மறக்காது. பெட்டியில் இருப்பதே 8 ஜிபி. ஜாவா ஹீப் போக, ஏற்றிய நிரலின் விவரங்களுக்கு மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி) தனி ஸ்டாக் என்று இன்னும் கொஞ்சம் எடுக்கும். அதே பெட்டியில் போஸ்ட்கிரெஸ் வேறு. மதியம் இரண்டு மணிக்கு லினக்ஸ் வட்டுக்கு நினைவகத்தைத் தள்ள ஆரம்பித்தது. ஜாவா குப்பை கூட்டும்போது, அதாவது இனி வேண்டாத நினைவகத்தை விடுவிக்கும்போது, ஹீப்பின் மூலைமுடுக்கெல்லாம் தொட்டுப் பார்க்கும். பாதி வட்டில் கிடந்தால் கூட்டி முடிக்கும்போது பொழுது போய்விடும். பதினோரு மணிக்கு மட்டும் நின்றது அன்று சாயங்காலம் வரைக்கும் நின்றது. மேனேஜர் போனில் ஒன்றும் திட்டவில்லை. "சரி தம்பி, பாருங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தாலே தேவலை.

பிறகுதான் பொறுமையாகப் படித்தேன். ரம்பப் பல் வடிவம் ஆரோக்கியமான ஜாவாவின் சாதாரண மூச்சு. பார்க்க வேண்டியது பல்லின் நுனியை இல்லை, அடியை. ஒவ்வொரு முறை கூட்டிய பிறகும் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, அந்த அடிமட்டம் நாளாக ஆக மேலே ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் சர்வரில் அது 600 எம்பி பக்கம் தரையோடு ஒட்டி அசையாமல் கிடந்தது. நினைவகத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. வரம்பைத் திரும்ப 2 ஜிபிக்கே கொண்டுவந்தேன், இந்த முறை கையால் எழுதி.

ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி சரிப்படாது, அதுவே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று புரிந்தது. ப்ராமீதியஸ், கிராஃபானா இரண்டையும் போட்டேன். டாம்கேட்டோடு ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டர் என்று ஒரு ஜார் கோப்பை (ஜாவா நிரல் பொதி) சேர்த்துவிட்டால், உள்ளே இருக்கும் எண்களை அது ஒரு வலைப் பக்கமாக நீட்டும். ப்ராமீதியஸ் 15 விநாடிக்கு ஒரு தரம் வந்து அள்ளிக்கொண்டு போகும். கிராஃபானா அதைக் கோடாக வரையும். இவ்வளவுதான் மொத்தக் கதை. ஆனால் அந்த ஒரு ஜாரைச் சேர்ப்பதற்குள் ஒரு நாள் பட்ட பாடு இருக்கிறதே.

டாம்கேட்டுக்கு இப்படிப்பட்ட சேர்க்கைகளைச் சொல்ல செட்என்வி என்று ஒரு கோப்பு. 'பின்' (bin) என்ற கோப்புறையில் நாமேதான் உருவாக்க வேண்டும், டாம்கேட்டோடு வராது. அதில் ஜாவா ஆப்ட்ஸ், கேட்டலினா ஆப்ட்ஸ் என்று இரண்டு மாறிகள். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். நான் ஜாவா ஆப்ட்ஸில் போட்டேன். டாம்கேட் அழகாகக் கிளம்பியது, எண்கள் வந்தன, சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன். அடுத்த நாள் நிறுத்தப் பார்த்தால் நிற்க மறுக்கிறது. காரணம் இது: டாம்கேட்டை நிறுத்தும் கட்டளையும் ஒரு குட்டி ஜாவாதான். ஜாவா ஆப்ட்ஸில் இருப்பது அதற்கும் போகும். அந்தக் குட்டி ஜாவாவும் அதே எக்ஸ்போர்ட்டரைத் தூக்கிக்கொண்டு அதே போர்ட்டில் உட்காரப் பார்க்கும். ஏற்கெனவே பெரியது அங்கே உட்கார்ந்திருப்பதால் செத்துப்போகும். நிறுத்தச் சொல்ல வேண்டிய ஆளே வாசலில் விழுந்துவிட்டால் சேதி உள்ளே எப்படிப் போகும்? கேட்டலினா ஆப்ட்ஸ் கிளப்பும்போது மட்டும்தான் படிக்கப்படும். கண்காணிப்பு சம்பந்தப்பட்டது எல்லாம் அதில்தான் போக வேண்டும். வண்டி வரிசை நிற்கும்போது கற்றுக்கொண்ட பாடம் என்பதால் நன்றாக மனதில் தங்கிவிட்டது.

இன்னொன்று, எல்லா எண்ணையும் கேட்காதீர்கள். எக்ஸ்போர்ட்டருக்கு எது வேண்டும் என்று சொல்லாவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனையையும் வாரிக் கொடுக்கும். எங்களுக்கு ஒவ்வொரு அள்ளலுக்கும் நாலு விநாடி ஆனது. சர்வரைப் பார்க்கப் போட்டதே சர்வருக்குச் சுமை. வேண்டியவற்றின் பெயரை மட்டும் கொடுத்த பிறகு கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது.

கிராஃபானாவில் யாரோ செய்து வைத்த ஆயத்தப் பலகை ஒன்றை இறக்கினேன். நாற்பது கட்டம். கலர் கலராக. கடைச் சுவரில் பழைய டிவி ஒன்றில் ஓடவிட்டோம். வருகிறவர்கள் எல்லாம் "ஓ, இஸ்ரோ மாதிரி இருக்கே" என்பார்கள். மறுநாள் பதினோரு மணிக்குப் போன் வந்தது: "சார், சுத்துது." நிமிர்ந்து டிவியைப் பார்க்கிறேன். நாற்பது கட்டமும் பச்சை. சிபியு மூன்று சதவீதம். ஹீப் நிம்மதி. வட்டு நிம்மதி. ஆலையில் பதினெட்டு வண்டி நிற்கிறது.

அன்று பைக்கை எடுத்துக்கொண்டு நேரே ஆலைக்கே போய்விட்டேன்.

எடைமேடை அறை என்பது பத்துக்குப் பத்து. ஒரு மின்விசிறி, எடை காட்டும் சிவப்பு எண் பெட்டி, கணினி, புள்ளி அச்சடிக்கும் பிரிண்டர், சுவரில் முருகன் காலண்டர். மேசையில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. கணினி நின்றுவிட்டால் எடையைக் கையால் குறித்துக்கொள்ள அண்ணன் வைத்திருப்பது. புரட்டிப் பார்த்தேன். வண்டி எண், எடை, அதோடு ஓரத்தில் சிவப்பு மையில் சின்னதாக நேரம். 'நின்னுது 11.05, வந்துது 11.40, வெளிய 14'. இந்த 14 என்ன என்றேன்.

"கேட்டுக்கு வெளிய நின்ன வண்டி சார். உங்களுக்குப் போன் போட்டா உடனே வர்றீங்களா? எத்தன நிக்குதுன்னு மேனேஜருக்குச் சொல்லணுமில்ல."

இரண்டு வாரத்துக்கும் மேலான கணக்கு அப்படியே இருந்தது. 11.05, 10.50, 11.20, ஒரு நாள் மட்டும் 3.40. என் நாற்பது கட்டத்திலும் இல்லாத ஒரு எண் அதில் இருந்தது: எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சேதி ஒன்றை அவரே சொன்னார். "ஞாயித்துக்கிழம நிக்கிறதில்ல சார். அன்னிக்குத்தான் வண்டி அதிகம்."

பக்கத்தைப் புரட்டினேன். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் வண்டி எண்ணிக்கை மற்ற நாளைவிட அதிகம். சிவப்பு மை ஒரு துளி கூட இல்லை. கூட்டத்தால் சர்வர் திணறுகிறது என்று இத்தனை நாள் நான் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்த கதை அங்கேயே செத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலையில் யார் இல்லை? அக்கவுண்ட்ஸ் அறைக்கு அன்று விடுமுறை.

நோட்டில் உள்ள நேரத்தையும் கிராஃபானாக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை, எல்லாமே ஏழு நிமிடம் தள்ளி இருந்தது. அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியது. தவறு சர்வர் கடிகாரத்தில்தான். இணைய நேரத்தோடு ஒத்துப் பார்க்கும் சேவை ஃபயர்வாலில் மாட்டிக்கொண்டு எத்தனை மாதமோ ஆகிவிட்டிருக்கிறது. கண்காணிப்புக்கு முன்னால் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

ஏழு நிமிடத்தைத் தள்ளி வைத்துப் பார்த்ததும் ஒரு கோடு கண்ணில் பட்டது. வேலையில் இருக்கும் த்ரெட் எண்ணிக்கை. சாதாரணமாக இரண்டு, மூன்று. நின்ற நேரங்களில் மட்டும் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது: 7, 15, 31, 64. டாம்கேட் முன்னிருப்பாக 200 த்ரெட் வரைக்கும் கொடுக்கும். ஆயத்தப் பலகை 160-ஐத் தாண்டினால்தான் சிவப்பாகும். 64 என்பது அதற்குப் பச்சை. எங்கள் ஆலையில் கணினி முன்னால் உட்காருகிறவர்களே பதினான்கு பேர்தான். பதினான்கு பேர் இருக்கும் இடத்தில் 64 த்ரெட் எப்படி வேலை செய்யும்? திரை சுற்றுகிறதே என்று ஆளாளுக்கு மறுபடி மறுபடி எஃப்5 அமுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு த்ரெட் போய் மாட்டிக்கொண்டது. பிரவுசரை மூடினாலும் உள்ளே மாட்டியது விடுபடாது. வேறு யாரோ ஒரு ஊரில், வேறு ஒரு சர்வருக்கு வைத்த அளவுகோலை இங்கே அப்படியே மாட்டினால் இதுதான் கதி. உங்கள் சர்வரின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு எல்லை வையுங்கள். எங்களுக்கு அது 10.

சிபியு மூன்று சதவீதத்தில் தூங்கும்போது 64 த்ரெட் வேலையில் இருக்கிறது என்றால் அவை வேலை செய்யவில்லை, எதற்கோ காத்திருக்கின்றன. எதற்கு என்று பார்க்க, ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் போதும், ஜாவாவோடு சும்மா வருவது. மறுநாள் பத்தரை மணிக்கே போய் எடைமேடை அறையில் உட்கார்ந்துகொண்டேன். நின்றதும் ரீஸ்டார்ட் செய்யாமல், பத்து பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்தேன். ஒன்று மட்டும் எடுத்தால் ஒரு த்ரெட் அந்த வரியைக் கடந்து போகிறதா, அங்கேயே கிடக்கிறதா என்று தெரியாது. மூன்றிலும் அதே வரி என்றால் கிடக்கிறது. வெளியே ஹாரன் சத்தம். "சார், சீக்கிரம்" என்றார் அண்ணன். முப்பது விநாடிதான், ஆனால் அந்த அறையில் அது நீளம்.

மூன்றிலும் எல்லா த்ரெட்டும் ஒரே இடத்தில் நின்றன. தரவுத்தளத்துக்கு ஒரு இணைப்பு கொடு என்று கனெக்ஷன் பூலிடம் கேட்டுவிட்டு, வரிசையில்.

பூல் என்பது ஒன்றும் இல்லை. தரவுத்தள இணைப்பை ஒவ்வொரு தரமும் புதிதாகத் திறக்காமல், சிலவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுப்பது. டாம்கேட் 9-இன் வழக்கமான பூலில் எத்தனை என்று சொல்லாவிட்டால் 8. காலியாக இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லாவிட்டால், காலம் முழுவதும். இந்த இரண்டையும் எங்கள் அமைப்புக் கோப்பில் யாரும் எழுதவில்லை. அப்படியானால் எட்டு இணைப்பையும் எடுத்து வைத்திருப்பது யார்? போஸ்ட்கிரெஸில் நடப்பு இணைப்புப் பட்டியலைப் பார்த்தேன். எட்டும் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தன. பழையது முந்தின நாள் மதியத்திலிருந்து.

நான் முதலில் எடுத்த எக்ஸ்போர்ட்டர் மாதிரிக் கோப்பில் பூலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதைச் சேர்த்து, பயன்பாட்டில் இருக்கும் இணைப்பு எண்ணிக்கையைக் கோடாக வரையவிட்டேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் பார்த்தேன். ஆலையில் அந்த நேரத்தில் ஈ காக்கை கிடையாது. கோடு பூஜ்யத்தில் இருக்க வேண்டும். மூன்றில் இருந்தது. எதையும் நான் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. கசிவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஊர் அடங்கிய நேரத்து எண் போதும். வீட்டில் குழாயெல்லாம் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்போமே, அதேதான்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கப் பூலிலேயே வழி இருக்கிறது. எடுத்துப் போய் நெடுநேரம் திருப்பித் தராத இணைப்பைப் பிடுங்கிக்கொள்ளவும், அதை எடுத்தது நிரலின் எந்த வரி என்று பதிவில் எழுதவும் சொல்லலாம். இரண்டும் முன்னிருப்பாக அணைந்திருக்கும். போட்டதும் மறுநாளே வரி எண்ணோடு வந்தது. அக்கவுண்ட்ஸ் அறையில் காலை பத்து மணிக்கு மேல் விவசாயிகளுக்கான பட்டுவாடா அறிக்கை எடுப்பார்கள். சீசனில் புதிதாகச் சேர்ந்த விவசாயிக்கு வங்கிக் கணக்கு எண் இன்னும் பதியவில்லை என்றால் அந்த நிரல் நடுவில் பிழை வீசி வெளியேறிவிடும். இணைப்பைத் திருப்பித் தரும் வரி அதற்குக் கீழே இருந்தது. அதற்கு எப்போது முறை வரும்? ஒரு பிழைக்கு ஓர் இணைப்பு போச்சு. எட்டு புது விவசாயி, ஆலை நின்றது. ஞாயிற்றுக்கிழமை அறிக்கை இல்லை, கசிவும் இல்லை.

அதுவரைக்கும் பெங்களூர்க்காரர்கள் "உங்கள் சர்வரில் ஏதோ" என்றே பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் "உங்கள் மென்பொருளில் ஏதோ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயர், வரி எண், இரவு இரண்டு மணிக் கோடு மூன்றையும் அனுப்பிய பிறகு யாரும் வாதாடவில்லை. நாலு நாளில் திருத்தி அனுப்பினார்கள். ஜாவா 7-இலிருந்தே, பிழை வந்தாலும் வராவிட்டாலும் தானாகவே இணைப்பை மூடும் எழுத்து முறை இருக்கிறது. அதற்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நாலு நாளைக்கு நான் மூன்று மாற்றம் செய்திருந்தேன். இணைப்புகளை 8-லிருந்து 20 ஆக்கினேன். காத்திருக்கும் நேரத்தைப் பத்து விநாடியாக்கினேன். சுற்றிக்கொண்டே இருப்பதைவிடப் பிழை என்று திரையில் வந்தால் ஆள் எஃப்5 அமுக்க மாட்டார், பதிவிலும் நேரத்தோடு விழும். மூன்றாவது அந்தப் பிடுங்கும் வசதி. இதில் ஒரு எச்சரிக்கை: ஐந்து நிமிடம் தொடாமல் கிடந்தால் பிடுங்கு என்பது அதன் முன்னிருப்பு. மாத இறுதி அறிக்கை ஒன்று ஆறு நிமிடம் ஓடும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததை நடுவில் அறுத்துவிட்டது. பதினைந்து நிமிடம் என்று மாற்றி வைத்தேன்.

நாற்பது கட்டப் பலகையை எடுத்துவிட்டேன். இப்போது ஐந்துதான்: வேலையில் இருக்கும் த்ரெட், வெளியே போயிருக்கும் இணைப்பு, குப்பை கூட்டிய பின் மிஞ்சும் ஹீப், குப்பை கூட்ட நின்ற நேரம், எடைச்சீட்டு பக்கம் பதில் தர எடுத்த நேரம். கடைசியானதை டாம்கேட்டின் அணுகல் பதிவிலிருந்து எடுக்கிறேன். அதன் எழுத்து வடிவத்தில் சதவீதக் குறியோடு பெரிய டி ஒன்றை (%D) சேர்த்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன நேரம் வரும். சராசரியைப் போடாதீர்கள். படம், பாணிக் கோப்பு என்று ஆயிரம் சில்லறைக் கோரிக்கை நொடியில் முடிவதால் சராசரி எப்போதும் அழகாகத்தான் தெரியும். நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் இந்த நேரத்துக்குள் முடித்தார்கள் என்ற எண்தான் எடைமேடையின் நிலவரத்தைச் சொல்லும். டாம்கேட்டே தரும் 'அதிகபட்ச நேரம்' என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். ஒரு தரம் ஏறினால் ரீஸ்டார்ட் வரைக்கும் இறங்காது. என்றைக்கோ நடந்ததை இன்றைக்கும் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெரிய டி, டாம்கேட் 9-இல் மில்லி விநாடி. 10.1-இல் மைக்ரோ விநாடி. வேறொரு இடத்தில் பதிப்பை ஏற்றிய அன்று எல்லாம் ஆயிரம் மடங்கு மெதுவாகிவிட்டது என்று தம்பி பதறியடித்துப் போன் போட்டான்.

எச்சரிக்கை மணியிலும் அடிபட்டோம். சிபியு 80-ஐத் தாண்டினால் போனுக்கு வரட்டும் என்று வைத்ததில், ராத்திரி ஒரு மணி பேக்கப் நேரத்துக்கு தினமும் அலறியது. மூன்றாம் நாள் நானே ஒலியை அணைத்துவிட்டேன். அணைத்த மணி இருந்தென்ன, இல்லாமல் என்ன. இப்போது சிபியுவுக்கு மணியே கிடையாது. த்ரெட் பத்துக்கு மேல் இரண்டு நிமிடம் நின்றால், இணைப்பு பதினைந்துக்கு மேல் ஐந்து நிமிடம் நின்றால், சர்வரிடமிருந்து எண்ணே வராவிட்டால், இந்த மூன்றுக்கு மட்டும்.

எண்ணே வராவிட்டால் என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் ப்ராமீதியஸையும் அதே ஆலைப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யுபிஎஸ்ஸும் படுத்து, பெட்டி அணைந்தது. கூடவே கண்காணிப்பவரும் அணைந்தார். ஒரு மணியும் அடிக்கவில்லை. இப்போது கடையில் ஒரு பழைய கணினியில் ஓடுகிறது, ஆலையிலிருந்து விபிஎன் வழியாக எண்களை இழுத்துக்கொள்கிறது. சொன்னால்தான் ப்ராமீதியஸ் 15 நாளுக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளும். மாங்கூழ் ஆலைக்கு அது உதவாது, போன ஜூனோடு இந்த ஜூனை ஒப்பிட வேண்டாமா? 400 நாள் என்று வைத்திருக்கிறேன். ஓர் எண்ணுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பைட்தான் எடுக்கும். எங்கள் 1,500 கோடுகளை 15 விநாடிக்கு ஒரு தரம் எழுதினாலும் வருடம் முழுதுக்கும் 5 ஜிபி பக்கம்தான்.

போன ஜூனில் ஒரு நாள் அதே பதினோரு மணிக்குப் போன் அடித்தது. பழைய பழக்கத்தில் நெஞ்சு கொஞ்சம் இடித்தது. எடுப்பதற்கு முன்பே திரையைப் பார்த்தேன். த்ரெட் இரண்டு, இணைப்பு ஒன்று.

"அண்ணா, இங்க எல்லாம் சரியா இருக்கே. வண்டி நிக்குதா?"

"இருபத்தி மூணு நிக்குது சார். உங்க பொட்டி நல்லாத்தான் ஓடுது. உள்ள யார்டுல பழம் இறக்க எடமில்ல. நீங்க வேற ரீஸ்டார்ட் கீஸ்டார்ட் பண்ணிடப் போறீங்கன்னுதான் போட்டேன்."

நோட்டை இன்னும் எழுதுகிறாரா என்று கேட்டேன். எழுதுகிறாராம். நேரத்தை இப்போது கணினியைப் பார்த்தே எழுதலாமே, சரிசெய்துவிட்டோமே என்றேன்.

"அது கெடக்கட்டும் சார்" என்றார். "நான் என் கடியாரத்தப் பாத்தே எழுதிக்கிறேன்."